நெகட்டிவ் யாரிடம்? - கல்யாண போட்டோ தொழிலின் கதை

போன மாதம் எங்கள் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் என்னை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார்கள். காரணம் இல்லாமல் இந்தப் பயல்கள் சமோசா வாங்கித் தர மாட்டார்களே என்று யோசிக்கும்போதே விஷயம் வெளியே வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து கல்யாண போட்டோ தொழில் ஆரம்பிக்கப் போகிறார்களாம். ஒருவனிடம் கேமரா இருக்கிறது, இன்னொருவனிடம் பைக் இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு வேறு என்ன வேண்டும்? :-)

"நீ ஹிஸ்டரி படிக்கிறவன்தானே, கல்யாண போட்டோவோட வரலாறுன்னு நாலு வரி எழுதிக் கொடுடா, எங்க நோட்டீஸ்ல போட்டுக்கறோம்" என்றார்கள்.

நாலு வரிக்காகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்றது: நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது? கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் இந்தத் தொழில் எப்படிப் பிழைத்தது, எப்போது தடுமாறியது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் பதில் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று கல்யாணங்களுக்கு போட்டோ உண்டு. 1972-ல் நடந்த பாட்டி கல்யாணத்துக்கு 11 படங்கள். 2001-ல் நடந்த அம்மா கல்யாணத்துக்கு 108 படங்கள். 2019-ல் நடந்த பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு நாலாயிரத்துக்கும் மேல். இந்த மூன்றில் இன்றைக்கு முழுசாகக் கையில் இருப்பது எது? கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

மகாராணிக்கே கல்யாண போட்டோ கிடையாது

1839-ல் பிரான்ஸில் டாகர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த வருடமே, 1840 பிப்ரவரி 10 அன்று, இங்கிலாந்து ராணி விக்டோரியாவுக்குக் கல்யாணம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூட இல்லை. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் ஜோடியாக நிற்கும் ஒரு படத்தைக் 'கல்யாண போட்டோ' என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். அது 1854-ல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. அதாவது கல்யாணமாகி 14 வருடம் கழித்து!

அவருடைய மூத்த மகளுக்கு 1858 ஜனவரி 25 அன்று கல்யாணம் நடந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. சர்ச்சுக்குப் போகும் முன் மகள், அப்பா, அம்மா மூவரையும் நிற்கவைத்து டி.ஆர். வில்லியம்ஸ் என்பவர் படம் எடுத்தார். மகளும் அப்பாவும் தெளிவாக இருக்கிறார்கள். ராணியின் முகம் மட்டும் கலங்கிப்போய் இருக்கிறது. தான் அப்படி நடுங்கிக்கொண்டிருந்ததாக அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுக்கிற நாளில் எந்த அம்மாதான் ஆடாமல் நிற்பாள், சொல்லுங்கள்?

இந்தப் படமும் டாகரின் முறையில் எடுத்ததுதான். வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் நேராகப் படம் விழும். அதில் நெகட்டிவ் என்ற ஒன்றே கிடையாது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவுதான். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு முறை உட்கார வேண்டும். தொழிலாகப் பார்த்தால் இது மண்பானை விற்கிற மாதிரி. விற்றதும் கணக்கு முடிந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் வேறு வழி கண்டுபிடித்து 1841-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் காகிதத்தில் தலைகீழான ஒரு பிம்பம், அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் நேரான படங்கள். 'நெகட்டிவ்', 'பாஸிட்டிவ்' என்று பெயர் வைத்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி. 1851-ல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். டால்பட் போலக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் சும்மாவே கொடுத்துவிட்டார். உலகத்தில் ஆயிரக்கணக்கான ஸ்டூடியோக்கள் அதை வைத்துப் பிழைத்தன. அவர் மட்டும் 1857-ல் ஏழையாகச் செத்துப்போனார்.

நெல்லை விற்றான், விதைநெல்லை வைத்துக்கொண்டான்

இதை முழு வியாபாரமாக மாற்றியவர் பாரிஸ்காரரான டிஸ்டேரி. 1854-ல் அவர் காப்புரிமை வாங்கிய முறையில், பல லென்ஸ் வைத்த கேமராவால் ஒரே கண்ணாடியில் எட்டு சின்னப் படங்கள்வரை எடுக்கலாம். வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். விலை மளமளவென்று இறங்கியது. அதுவரை பணக்காரர் வீட்டுச் சுவரில் மட்டும் இருந்த உருவப்படம், நடுத்தரக் குடும்பத்தின் ஆல்பத்துக்குள் வந்தது.

அந்தக் காலத்து அட்டைகளின் பின்பக்கத்தைப் பார்த்தால், ஸ்டூடியோ பெயருக்குக் கீழே பல சமயம் ஒரு சின்ன அறிவிப்பு இருக்கும். நெகட்டிவ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும் என்று.

இந்தத் தொழிலின் அஸ்திவாரமே அந்தச் சின்ன அறிவிப்புதான் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் 'போட்டோவை வாங்கிவிட்டோம்' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். ஆனால் அவர் வாங்கியது நெல். விதைநெல் கடைக்காரனிடமே இருக்கிறது! மாமாவுக்கு ஒன்று வேண்டும், அத்தைக்கு ஒன்று வேண்டும், ஒன்று பூச்சி அரித்துவிட்டது, ஒன்றைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும்... எதுவானாலும் திரும்ப அதே கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு தடவை எடுத்த உழைப்புக்குப் பல வருடம் காசு.

(டிஸ்டேரி இவ்வளவு சம்பாதித்தும் கடைசியில் எல்லாவற்றையும் இழந்து 1889-ல் வறுமையில் இறந்தார். எல்லோரும் அதே மாதிரி எடுக்க ஆரம்பித்துவிட்டால் முதலில் எடுத்தவனுக்கு மட்டும் என்ன மரியாதை?)

ஒன்று கவனியுங்கள். அப்போது போட்டோக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை, கல்யாண ஜோடிதான் ஸ்டூடியோவுக்கு வந்தது. கண்ணாடியில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும். இருட்டறையைத் தலையில் தூக்கிக்கொண்டு யார் கல்யாண வீட்டுக்குப் போவது?

நம் நாட்டில்

இந்தியாவுக்கு இந்தக் கலை சீக்கிரமே வந்துவிட்டது. சென்னையில் 1856-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். கலைப்பள்ளியை நடத்திய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் அதற்கு முக்கியமானவர். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858 வாக்கில் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தது இதே காலம்தான்.

கடை நடத்தியவர்களில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம். 1863-ல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், ஷெப்பர்டு என்பவரோடு சேர்ந்து நடத்திய நிறுவனம்தான் புகழ்பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு. ஏழெட்டு வருடத்தில் போர்ன் இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஆனால் அவர் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் கடையிலேயே இருந்தன. எடுத்தவர் ஊரைவிட்டுப் போன பிறகும் அவற்றிலிருந்து பிரிண்ட் போட்டு விற்றுக்கொண்டே இருந்தார்கள். 1991 பிப்ரவரியில் அவர்களின் கல்கத்தா கடையில் தீப்பிடித்து அந்தச் சேமிப்பு அழிந்துபோனது. கடை அதன் பிறகும் ஓடி, 2016-ல் மூடப்பட்டது.

இன்னொருவர் ராஜா தீன் தயாள். ஹைதராபாத் நிஜாமின் போட்டோகிராபர். பர்தா அணியும் பெண்கள் ஆண் போட்டோகிராபர் முன்னால் உட்காரமாட்டார்கள் என்பதால், 1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து, அதற்கு ஒரு பெண்மணியைப் பொறுப்பாக வைத்தார். வியாபார மூளை என்றால் இது! அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989-ல் டெல்லியில் இருக்கும் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாத்தது. அவர் எடுத்த காலத்து இந்தியாவை நாம் இன்று பார்க்கிறோம் என்றால், யாரோ அந்தக் கண்ணாடிகளை எறியாமல் வைத்திருந்ததால்தான்.

கேமரா கல்யாண வீட்டுக்கு வந்தது

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் உலர்ந்த கண்ணாடித் தகட்டுக்கு வழி சொன்னார். 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியம் பொடி ஃப்ளாஷ் வந்தது. 'புஸ்' என்று எரிந்து அறை முழுக்கப் புகை! 1888-ல் ஈஸ்ட்மேனின் கோடாக் கேமரா ஃபிலிம் சுருளோடு வந்தது. 1930 வாக்கில் கண்ணாடி பல்புக்குள் ஃப்ளாஷ் வந்தது, புகைத் தொல்லை போனது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. கையடக்க கேமராவும் ஃப்ளாஷ் பல்பும் வைத்திருந்தவர்கள் யாரும் கூப்பிடாமலே கல்யாணங்களுக்குப் போய் படமெடுத்து, பிறகு அந்தக் குடும்பத்திடமே விற்க ஆரம்பித்தார்கள். படம் சுமார்தான். ஆனால் நிஜமான கல்யாணம் அதில் இருந்தது. 'ஜோடி எங்களிடம் வரட்டும்' என்று உட்கார்ந்திருந்த பெரிய ஸ்டூடியோக்கள் வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பின.

நம் ஊரில் கல்யாண போட்டோ என்றாலே பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது யாஷிகா. மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்களே, இரண்டு கண் வைத்த கேமரா, அதுதான். 120 ஃபிலிம் போட்டால் ஒரு ரோலுக்குச் சதுரமாக 12 படம். பன்னிரண்டே பன்னிரண்டு!

இன்றைக்கு விரலைத் தட்டினால் நொடிக்குப் பத்துப் படம். அப்போது ஒவ்வொரு கட்டமும் காசு. ஆகவே போட்டோக்காரருக்குச் சடங்கு முழுக்க மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மாலை மாற்றுவது ஒன்று, தாரை வார்ப்பது ஒன்று, தாலி கட்டுவது ஒன்று, மெட்டி ஒன்று, பெண் வீட்டுக் குடும்பப் படம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று (இல்லையென்றால் சம்பந்தி சண்டை!). ஃப்ளாஷ் 'கீ...ங்' என்று சத்தம் போட்டு சார்ஜ் ஆகி லைட் எரியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டால், "மாப்ள, அப்படியே கையை வச்சு நில்லுங்க" என்பார். பழைய ஆல்பங்களில் தாலி கட்டும் மாப்பிள்ளைகள் எல்லோரும் தாலியை விட்டுவிட்டு நம்மையே முறைத்துப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் ஊட்டியிலேயே தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம், பேப்பர் எல்லாம் தயாரித்தது. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை.

எடுத்ததைக் கழுவி, நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்து, பிரிண்ட் போட்டு, நான்கு மூலையிலும் கார்னர் வைத்து ஆல்பத்தில் செருகிக் கொடுப்பார்கள். நெகட்டிவை ஒரு கவரில் போட்டு பில் நம்பர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

அந்த அலமாரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு சின்ன ஊரின் இருபது முப்பது வருடத்துக் கல்யாணங்கள் அத்தனையும் அதற்குள் இருக்கும். யாராவது இறந்துபோனால் வீட்டுக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். "அப்பாவுக்குத் தனியாப் படமே எடுக்கலை, தங்கச்சி கல்யாணத்துல நின்னாரே, அதுலேர்ந்து எடுத்துக் குடுங்க" என்பார்கள். குரூப் போட்டோவிலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னணியை அழித்து, ஃப்ரேம் போட்டுக் கொடுப்பார் ஸ்டூடியோக்காரர். நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பல தாத்தாக்கள் யாரோ ஒருவர் கல்யாணத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான். அந்த ஸ்டூடியோக்காரருக்கு 'ஆவணக் காப்பாளர்' என்று யாரும் பட்டம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது அந்த வேலைதான். காசுக்காகத்தான் செய்தார், அதில் தப்பே இல்லை. காசு வந்ததால்தான் அலமாரி இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இது எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்குத்தான். எடுத்தவருக்கு இல்லை! காசு கொடுத்து எடுத்த வீடியோவுக்கும் இதேதான். இங்கிலாந்தின் 1911-ம் வருடச் சட்டத்தில் இப்படி இருந்தது, 1914-ல் இந்தியாவுக்கும் வந்தது, 1957-லும் தொடர்ந்தது.

மற்ற நாடுகள் பிறகு திசை மாறின. அமெரிக்காவில் 1978-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பொதுவாக உரிமை போட்டோகிராபருக்கு. இங்கிலாந்தும் 1989 ஆகஸ்டு முதல் அப்படியே மாற்றிக்கொண்டது. ஆனால் ஒரு சின்னத் தடுப்பு வைத்தது: சொந்த விஷயத்துக்காக எடுக்கச் சொன்ன படத்தை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் ஊருக்குக் காட்டக் கூடாது. நம் சட்டத்தில் 2012 திருத்தம் போட்டோவுக்கான பாதுகாப்புக் காலத்தை எடுத்தவரின் ஆயுளோடு 60 வருடம் என்று நீட்டியது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்ற பிரிவு 17-ன் விதியை மாற்றவில்லை.

ஆக, நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். பிரதி எடுக்கும் உரிமை கல்யாண வீட்டுக்காரரிடம், நெகட்டிவ் கடைக்காரரிடம். சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம்! ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த இழுபறிதான் இருவரையும் பல வருடம் சேர்த்து வைத்திருந்தது.

அலமாரி காலியானது

கலர் வந்தபோது முதல் அடி விழுந்தது. கலர் ஃபிலிமைக் கழுவும் மருந்து ஏறக்குறைய 38 டிகிரி வெப்பத்தில், அரை டிகிரிகூட ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். சின்ன ஊர் இருட்டறையில் அது நடக்கிற காரியமா? வேலை நகரத்து லேப்களுக்குப் போனது, பிரிண்ட் லாபத்தில் ஒரு பங்கும் கூடவே போனது. எண்பதுகளில் வீடியோ வந்தது. மணமேடையில் ஹலோஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் வியர்க்க வைத்த அண்ணன்களை மறக்க முடியுமா?

அடுத்து டிஜிட்டல். கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவ் சாஸன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டிவிட்டார். தொழில்முறைக் கேமராவாக நிக்கான் டி1 1999-ல் வந்தது. 2003-ல் கேனான் 300டி வந்தபோது, நல்ல கேமரா என்பது சாதாரண ஆளும் ஆசைப்படக்கூடிய விலைக்கு இறங்கியது. கொனிகா மினோல்டா 2006-ல் ஃபிலிம், கேமரா இரண்டையும் விட்டு விலகுவதாக அறிவித்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இந்தக் கதையை எல்லோரும் 'ஃபிலிம் போச்சு, டிஜிட்டல் வந்தாச்சு' என்று முடித்துவிடுவார்கள். கல்யாண போட்டோ தொழிலைப் பொறுத்தவரை நடந்தது வேறு. நெகட்டிவ் என்ற பொருளே காணாமல் போனது. ஃபைலை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனி பிரதி வேண்டுமென்று யாரும் கடைக்கு வரப்போவதில்லை. அதனால் வருமானம் முழுக்க முன்னாலேயே வாங்கியாக வேண்டியதாகிவிட்டது. இத்தனை நாள், இத்தனை கேமரா, கேண்டிட் தனி, ஆல்பம் இத்தனை ஷீட் என்று 'பேக்கேஜ்' பிறந்தது. 1996-ல் ஜான் கென்னடி ஜூனியர் கல்யாணத்தை எடுத்த டெனிஸ் ரெஜ்ஜி போன்றவர்கள் அமெரிக்காவில் பிரபலமாக்கிய, போஸ் கொடுக்க வைக்காமல் செய்திப்படம் மாதிரி எடுக்கும் பாணி, நம் ஊருக்குக் கேண்டிட் என்ற பெயரில் வந்தது. படங்கள் முன்னைவிட எவ்வளவோ அழகு, மறுக்கவே முடியாது.

ஆனால் எடுத்ததைப் பாதுகாக்கக் காசு தருபவர் யாரும் இல்லை. ஆகவே பாதுகாக்கும் ஆளும் இல்லை.

எங்கள் வீட்டு மூன்று கல்யாணம்

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவின் கல்யாண ஆல்பம் கீழ்த்தட்டில் இருந்தது. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பம். காயவைத்துப் பிரித்தபோது படங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அம்மா தேடியது ஒரே ஒரு படத்தைத்தான். தாரை வார்க்கும்போது தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். தாத்தா 2004-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா பழைய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஸ்டூடியோவை இப்போது மகன் நடத்துகிறார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன். கடையை மாற்றிக் கட்டியபோது நெகட்டிவ் மூட்டைகளைப் பழைய பொருள் எடுப்பவரிடம் போட்டுவிட்டாராம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் அதற்கும் ஒரு விலை உண்டு. "பத்து வருஷமா ஒருத்தரும் கேட்டு வரலையே சார்" என்றாராம். அவர்மேல் கோபப்பட முடியவில்லை என்று அப்பா சொன்னார். நியாயம்தானே? பத்து வருட வாடகை யார் கொடுத்தது?

கடைசியில் சொந்தக்காரர்களையெல்லாம் கேட்டு, 108-ல் 17 படங்கள் தேறின. அந்தக் காலத்தில் காசு கொடுத்துத் தனியாகப் பிரதி வாங்கி வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து. தாத்தா படம் தஞ்சாவூரில் அம்மாவின் சித்தியிடம் இருந்தது. அவர் அந்தப் படத்தின் ஓரத்தில் நிற்கிறார், அதற்காகவே ஒரு பிரதி வாங்கினாராம். அந்த ஓரத்தில் நின்றதற்கு அம்மா இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா கல்யாணம் 2019. நாலாயிரம் சொச்சம் ஃபைல் இருந்த ஹார்ட் டிஸ்க் இப்போது கம்ப்யூட்டரில் மாட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் போடுகிறது. எடுத்த குழுவைக் கேட்டோம். ஆளாளுக்குப் பிரிந்துவிட்டார்கள். ஆறு மாதம் மட்டும் வைத்திருப்போம், பிறகு இடம் வேண்டுமென்று அழித்துவிடுவோம் என்றார்கள். மிஞ்சியது ஒரு ஆல்பமும், அக்கா ஃபோனில் இருந்த சில படங்களும்.

முழுசாக இருப்பது பாட்டி கல்யாணம்தான்!

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஆல்பத்துக்கு அடியில் ஒரு பழுப்பு கவர். அதற்குள் நெகட்டிவ். கூடவே ஸ்டூடியோ பில், அதில் 'நெகட்டிவ் உள்பட' என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். பேரம் பேசி, கூடக் காசு கொடுத்து நெகட்டிவையும் வாங்கி வந்திருக்கிறார். ஏன் என்று கேட்க அவர் இல்லை. பாட்டிக்கும் தெரியவில்லை. "அவர் எல்லாத்துக்கும் ரசீது வாங்கற மனுஷன்" என்றார்.

லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, அதற்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்து ஃபோனில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். ஆல்பத்தில் 11 படம்தான், ஆனால் ரோலில் 12 கட்டம் ஆயிற்றே! பன்னிரண்டாவது கட்டம் கொஞ்சம் ஆடிப்போனது. அதனால்தான் அன்றைக்கு பிரிண்ட் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதில் பாட்டி யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். மற்ற 11 படங்களிலும் தலை குனிந்து நிற்கிறவர். ஐம்பது வருடமாக யாரும் பார்த்திராத படம். காட்டியதும் பாட்டி, "ஐயையே, பல்லெல்லாம் தெரியறதே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஃபோனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களுக்கு நாலு வரி

சரி, கேட்டவர்களுக்கு நாலு வரி எழுதித்தானே ஆக வேண்டும்.

ஒன்று: ஃபைல்களை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று பில்லிலேயே எழுதுங்கள். அதற்கு ஒரு கட்டணமும் வையுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், படத்துக்கு 25 எம்பி என்றால் 75 ஜிபி. வருடத்துக்கு 40 கல்யாணம் என்றால் மூன்று டெராபைட். அது உங்கள் அலமாரி. அலமாரிக்கு வாடகை வாங்காததால்தான் பழைய அலமாரிகள் காலியாயின.

இரண்டு: பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் சொன்ன 3-2-1 கணக்கைப் பின்பற்றுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். போர்ன் அண்டு ஷெப்பர்டிடம் இருந்தது ஒரே கட்டடம்.

மூன்று: கல்யாண ஜோடியின் படத்தை உங்கள் விளம்பரத்துக்குப் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிரிவு 17 ஞாபகம் இருக்கட்டும்.

நான்கு: ஆடிப்போன படத்தையெல்லாம் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

இதை எழுதி முடித்ததும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். "நாலு வரி கேட்டா நாலு பக்கம் எழுதிட்டு, எங்களுக்கே செலவு வேற இழுத்து விடுறியா" என்று சமோசா காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் நேற்று அவர்களுடைய முதல் கொட்டேஷனைப் பார்த்தேன். கேமரா, ஆல்பம், வீடியோ எல்லாம் வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'படங்கள் ஐந்து வருடம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்.'

சமோசா காசைத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. அடுத்த பதிவில் சந்திப்போம்!